வீட்டுத் தேங்காய்: விற்பதா, ஆட்டுவதா, உருக்குவதா?

கன்னியாகுமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி 11 தென்னை நிற்கிறது. ஒன்பது நெட்டை, கிணற்றடியில் இரண்டு குட்டை. எல்லாம் அப்பா வைத்த மரங்கள். அப்பா இருந்தவரைக்கும் காய் எங்கே போகிறது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வெட்டு முடிந்து கொஞ்ச நாளில் முற்றத்தில் கொப்பரை காயும், ஒரு நாள் காலையில் சாக்கு மில்லுக்குப் போகும், சாயங்காலம் எண்ணெய்த் தகரம் வீட்டுக்கு வரும். அவர் போன பிறகு எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. ஒரு வெட்டுக்கு ஆட்டுவோம், அடுத்ததற்கு விற்போம். ஒரு தடவை யாருக்கும் நேரம் இல்லாமல் காயெல்லாம் மூலையில் கிடந்து முளைத்தே போனது.

போன வருடம் ஓணம் லீவுக்கு அண்ணனும் மைனியும் பெங்களூரிலிருந்து கைப்பிள்ளையோடு வந்தார்கள். வந்த அன்றே மைனி அம்மாவிடம், "மாமி, பிள்ளைக்குத் தேய்க்க உருக்கெண்ணெய் இருக்கா?" என்று கேட்டார். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் அது, வீட்டில் இல்லை. 11 மரம் நிற்கிற வீட்டில் கடைக்குப் போய் பாட்டில் வாங்கி வந்து பிள்ளைக்குத் தேய்த்தோம். அம்மாவுக்கு அது மனதில் தங்கிவிட்டது. அன்றிரவு சாப்பிட்டு முடித்து எல்லோரும் திண்ணையில் இருந்து பேசினோம். மொத்தமாக விற்றுவிடுவது நல்லது என்றான் அண்ணன். அம்மா கேட்கவே இல்லை. "சொந்தக் காய வித்துட்டு ஊரான் எண்ணெய வாங்கவா மக்களே?" என்றாள். மைனிக்கு உருக்கெண்ணெய் வேண்டும். நான்தான் அம்மாவோடு இங்கேயே இருப்பவள், யார் என்ன முடிவு சொன்னாலும் வேலை என் தலையிலும் அம்மா தலையிலும்தான் விழும். அதனால் ஒரு வருடம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். வீட்டைச் சுற்றிப் பத்து மரம் வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய பேர். அவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் எத்தனை காய் என்ற கணக்கு. 45 நாளுக்கு ஒரு வெட்டு. ஒரு வெட்டுக்கு எங்களுக்கு 110, 120 காய் தேறும். அதில் வீட்டுச் சமையலுக்கே நாளைக்கு ஒரு காய் வேண்டும். மீன்குழம்புக்கு அரைக்க, அவியலுக்கு, மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளும் சம்மந்தி என்கிற துவையலுக்கு என்று அது போய்விடும். மிச்சம் சுமார் 70 காய். முடிவெடுக்க வேண்டியது இந்த 70 காயைப் பற்றித்தான்.

கிணற்றடிக் குட்டை மரங்களை இதில் நான் சேர்க்கவில்லை. குட்டையின் கொப்பரை ரப்பர் மாதிரி வளையும், எண்ணெயும் குறைவு. அதைக் கருக்காகவே, அதாவது இளநீராகவே, வெட்டிக் குடித்துவிடலாம். எண்ணெய்க்கு நெட்டைதான். பக்கத்து ஈத்தாமொழியின் பெயரிலேயே ஒரு நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பக்கத்து மணலில் விளையும் காயை உடைத்துப் பார்த்தால் பருப்பின் கனம் ஏன் பேசப்படுகிறது என்று தெரியும்.

சரி, விற்பதிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் சிரமம் குறைவு. வியாபாரிக்குப் போன் செய்தால் அவரே மரம் ஏறும் ஆளைக் கூட்டி வருவார். வெட்டி, உரித்து, எடை போட்டு, வெட்டுக்கூலியைக் கழித்துக்கொண்டு பணத்தைத் தந்துவிட்டுப் போவார். காலை பத்து மணிக்கெல்லாம் முற்றம் காலி. மரம் ஏற ஆள் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்ட காலத்தில் இதை லேசாக நினைக்கக் கூடாது. நாங்களாக ஆள் தேடியபோது மூன்று வாரம் காத்திருந்தோம். அதற்குள் முற்றிய காய் தானாக விழ ஆரம்பித்தது, வாசலில் பிள்ளைகளை விளையாட விடவே பயமாக இருந்தது.

விற்கும்போது ஒன்றை மட்டும் பேசிக்கொள்ளுங்கள். காயை இங்கேயே உரித்துக் கதம்பையை, அதாவது நார் மட்டையை, விட்டுவிட்டுப் போக வேண்டும். தென்னையின் அடியைச் சுற்றிக் குழி எடுத்து, கதம்பையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண்ணைப் போட்டு மூடினால் கோடையிலும் ஈரம் நிற்கும். அதையும் கொடுத்துவிட்டால் மரத்துக்கு நாம் திருப்பித் தருவது ஒன்றுமே இல்லை. மரங்களை மொத்தமாகப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விடலாம் என்றும் அண்ணன் சொன்னான். எனக்கு அதில் சம்மதமில்லை. பாட்டக்காரருக்குக் காய்மேல்தான் கண் இருக்கும். உரம் வைப்பது, மரத்தின் மண்டையைச் சுத்தம் செய்வது, ஓலை மஞ்சளித்தால் வேர் வாடல் நோயா என்று கவனிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய காரியம். மரத்தடியில் நாம் போகாமலே இருந்தால் நோய் முற்றிய பிறகுதான் தெரியும்.

இனி ஆட்டுவது. உரித்த 70 காய் ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். அது காய்ந்து 10 கிலோ கொப்பரை ஆனது. மில்லில் கொடுத்ததில் 6 கிலோ 300 கிராம் எண்ணெய் வந்தது. கொப்பரையின் எடையில் நூற்றுக்கு 60க்கு மேல் எண்ணெய் வந்தால் நன்றாகக் காய்ந்த கொப்பரை என்று கொள்ளலாம். ஒரு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். மில்லில் கிலோ கணக்கில் தருவார்கள், கடைப் பாக்கெட் லிட்டர் கணக்கில் இருக்கும். ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் ஒரு கிலோ இராது, சுமார் 915 கிராம்தான். ஆகவே எங்களுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 7 லிட்டர். சுருக்கமாகச் சொன்னால் 10 காய், அதாவது 5 கிலோ தேங்காய், ஒரு லிட்டர் எண்ணெய் ஆகிறது.

இந்த 5 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால் லாபமா நஷ்டமா என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடலாம். கடையில் ஒரு லிட்டர் நல்ல எண்ணெய் என்ன விலையோ அதை, வியாபாரி ஒரு கிலோ தேங்காய்க்குத் தரும் விலையால் வகுத்துப் பாருங்கள். 6க்கு மேல் வந்தால் ஆட்டுவது லாபம், மில் கூலி போகவும் கையில் நிற்கும். 5க்குக் கீழே வந்தால் விற்றுவிட்டுக் கடையில் வாங்குவதே மேல். இடையில் வந்தால் பணத்தை விட்டுவிட்டு வேறு காரணங்களைப் பார்க்கலாம். விலை எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் இந்த வகுத்தல் மாறாது. 2025இல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த ஆண்டின் நடுவில் சந்தை விலை அதைத் தாண்டி வெகுதூரம் போனது, கடைகளில் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைக் கடந்தது. அப்போது தேங்காய்க்கு நல்ல விலை என்று ஓடிப்போய் விற்றவர்கள், அதே பணத்தைக் கொண்டுபோய் எண்ணெய்க்குக் கொடுத்தார்கள். தேங்காய் விலையை மட்டும் தனியாகப் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. அது அம்மாவின் முதுகு. கொப்பரை போடுவது எவ்வளவு வேலை என்று நான் இந்த வருடம்தான் முழுசாகப் பார்த்தேன். வெட்டிய காயைச் சில வாரம் நிழலில் போட்டு உள்ளே தண்ணீர் வற்ற விட வேண்டும். பிறகு உடைத்து, வாய் மேலே பார்க்க வெயிலில் பரப்ப வேண்டும். இரண்டு நாளில் பருப்பு சிரட்டையை விட்டு விலகும். தோண்டி எடுத்து மறுபடி ஐந்தாறு நாள் காய வேண்டும். காக்கைக்கும் அணிலுக்கும் பயந்து மேலே பழைய மீன்வலையைப் போட்டு மூடுவோம். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பனி இறங்குவதற்குள் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே வைத்து, காலையில் மறுபடி பரப்ப வேண்டும். ஒரு வாரம் வீட்டில் ஒருவர் எங்கேயும் போக முடியாது. அந்த ஒருவர் எங்கள் வீட்டில் அம்மா. அவளுக்கு 66 வயது. நான் வேலைக்குப் போய்விடுவேன். "எனக்கு இது ஒரு வேலையா" என்று சொல்லுவாள், ராத்திரி இடுப்புக்குத் தைலம் கேட்பாள். மில்லில் கூலி கொடுப்போம், மரம் ஏறுகிறவருக்குக் கொடுப்போம், அம்மாவின் ஏழு நாளுக்கு யாரும் விலை போடுவதில்லை. அதையும் நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் அண்ணனுக்கே விஷயம் புரிந்தது.

அப்புறம் மழை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு. கொப்பரைக்கு நம்பிக்கையான வெயில் என்றால் தை முதல் சித்திரை வரைதான். இது தெரிந்திருந்தும் போன ஐப்பசியில் நான்கு நாள் நல்ல வெயில் அடித்ததை நம்பிக் காயை உடைத்தோம். ஐந்தாம் நாள் மத்தியானம் நான் வேலையில் இருக்கும்போது மழை கொட்டியது. அம்மா ஒருத்தியாக ஓடி அள்ளியதில் பாதி நனைந்துவிட்டது. அடுத்த மூன்று நாள் வெயிலே இல்லை. பருப்பின்மேல் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை படர்ந்தது. துடைத்துக் காயவைத்து ஆட்டிவிடலாம் என்று அம்மா நினைத்தாள். நான் விடவில்லை. அந்தப் பூஞ்சையிலிருந்து அஃப்லாடாக்சின் என்ற நச்சு உண்டாகலாம். ஈரலைக் கெடுக்கும் நச்சு அது, துடைத்தால் போகாது. புண்ணாக்கிலும் தங்கும், அதைத் தின்கிற மாட்டின் பால்வரைக்கும் வரும். 30 காய்க்கு மேல் குழியில் போட்டு மூடினோம். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மழை மாதங்களில் ஆட்டுவதா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மாவின் வழி இது. ஒரு துண்டை இரண்டு கையாலும் வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் காட்ட வேண்டும். ஈரம் 6 சதவீதத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது மில்காரர்களின் அளவு, ஒடிகிற சத்தத்திலேயே அதை அம்மா சொல்லிவிடுவாள். ஈரத்தோடு ஆட்டிய எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். ஆட்டி வந்த எண்ணெயையும் உடனே தகரத்தில் அடைக்காமல் நான்கைந்து நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். அம்மா அதில் கொஞ்சம் நல்லமிளகு போட்டு மூடுவாள், அவளுடைய அம்மாவும் அப்படித்தான் செய்தாளாம்.

மில்லா செக்கா என்று ஒரு பேச்சு இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. நாங்கள் ஒரே வெயிலில் காய்ந்த கொப்பரையைப் பாதி பாதியாக இரண்டு இடத்திலும் கொடுத்துப் பார்த்தோம். மில் இயந்திரம் நன்றாக இறுக்கிப் பிழியும், புண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெய் குறைவு. மரச்செக்கில் 10 கிலோவுக்கு அரைக் கிலோவுக்கு மேல் எண்ணெய் குறைகிறது, கூலியும் கூடுதல். அந்த அரைக் கிலோ எங்கேயும் போகவில்லை, புண்ணாக்கில் இருக்கிறது. மாடு வைத்திருப்பவர்களுக்கு அது வீண் இல்லை. எங்கள் வீட்டில் மாடு இல்லை.

மணத்தில் செக்கெண்ணெய் ஒரு படி மேல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது தெரிகிற இடம் எது என்று பார்க்க வேண்டும். சாளை மீன் பொரிக்கிற சட்டியில் ஊற்றினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அந்தச் சூட்டில் மணம் போய்விடுகிறது. அவியலை இறக்கி வைத்துக் கறிவேப்பிலையோடு பச்சையாக ஊற்றுகிற ஒரு கரண்டி, சம்மந்தியில் கடைசியில் விடுகிற ஒரு துளி, அங்கேதான் செக்கெண்ணெயின் வாசனை எழும்புகிறது. 45 நாளில் அப்படிப் பச்சையாக ஊற்றுவது எங்கள் வீட்டில் ஒரு லிட்டருக்கும் குறைவு. எனவே எல்லாவற்றையும் செக்கில் ஆட்டுவது தேவையில்லை என்பது என் முடிவு. கொண்டுபோன கொப்பரையில் எட்டில் ஒரு பங்கைச் செக்குக்குக் கொடுத்தால் போதும். ஆனால் இரண்டு கிலோவுக்குக் கீழே எடுக்க மாட்டேன் என்று செக்குக்காரர் சொன்னால், பக்கத்து வீட்டோடு சேர்ந்து கொடுப்பதுதான் வழி. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

எங்கே ஆட்டினாலும் நம் கொப்பரையை நம் கண்முன்னால் ஆட்டித் தருகிற இடம் வேண்டும். கொப்பரையைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு எண்ணெய் வாங்கிக்கொள்ளச் சொன்னால் ஒரு வாரம் வெயிலில் அலைந்ததற்கு அர்த்தமே இல்லை.

மைனி கேட்ட உருக்கெண்ணெய்க்கு வருகிறேன். அதற்குக் கொப்பரை வேண்டாம், வெயிலும் வேண்டாம். பச்சைத் தேங்காயைத் திருகி, பால் பிழிந்து, உருளியில் ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சினால் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும். பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிடம் அசந்தால் அடியில் கரிந்து எண்ணெய் கறுத்துவிடும். கசடு பொன்னிறமாகும்போது இறக்கிவிட வேண்டும். அந்தக் கசடில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சட்டி வெளுக்கும்வரை வழித்துத் தின்பார்கள். 10 காய்க்கு எங்களுக்கு அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டித்தான் கிடைத்தது. அதாவது ஆட்டினால் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. கேஸ் அடுப்பில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆனது. காசாகப் பார்த்தால் நாலு வழியிலும் இதுதான் விலை கூடியது. சமையலுக்கு இதை யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் கைப்பிள்ளைக்குத் தேய்க்க மாதத்துக்கு 200 மில்லி போதும். அதற்கு நாலு காய். நாலு காய்க்குக் கணக்குப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திருகும்போதே வீடு முழுக்க ஒரு மணம் எழுந்தது. அண்ணனுக்கும் எனக்கும் இதைத்தான் தேய்த்தாள் என்று அம்மா மைனியிடம் போனில் சொல்லிக்கொண்டே கிளறினாள். தேய்ப்பது உடம்பில் மட்டும். மூக்கிலும் காதிலும் சொட்டு விடும் பழைய பழக்கம் வேண்டாம் என்று பிள்ளை டாக்டர் சொன்னதை அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

கடையெண்ணெயை நான் குறை சொல்லவில்லை. அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கிறது. கலப்படமா என்று பார்க்க ஃபிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும், அது சரிதான். ஆனால் பனைக்கொட்டை எண்ணெயும் ஃபிரிட்ஜில் உறையும். ஆகவே உறைந்துவிட்டது என்பதால் மட்டும் நல்ல எண்ணெய் என்று நம்பிவிட முடியாது.

நோட்டைப் புரட்டியபோது நான் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. கடையில் பாக்கெட் வாங்கிய மாதங்களில் எங்கள் வீட்டில் இரண்டு லிட்டர் செலவானது. ஆட்டித் தகரம் நிறைய வைத்திருந்த மாதங்களில் மூன்று லிட்டர். சொந்த எண்ணெய் என்றால் கை தாராளமாகச் சாய்கிறது. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 90 பங்கு நிறைகொழுப்பு. அம்மாவுக்குக் கொழுப்புக்கு மாத்திரை ஓடுகிறது. வீட்டில் விளைந்தது என்பதால் அது உடம்புக்குள் போய் வேறு மாதிரி நடந்துகொள்ளாது. இப்போது தகரத்தை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மாதம் இரண்டு லிட்டர் மட்டும் அடுக்களைப் பாத்திரத்தில் ஊற்றுகிறேன். அம்மாவுக்கு முதலில் வருத்தம். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

இவ்வளவும் பார்த்த பிறகு, வருடம் முழுக்க ஒரே முடிவு என்பதே தவறு என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் எல்லோரும் அன்று திண்ணையில் ஒரே ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தோம். இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது. தையிலிருந்து சித்திரை வரைக்குமான வெட்டுகளில் இரண்டை மட்டும் கொப்பரை போடுகிறோம். 14 லிட்டர் கிடைக்கும், இரண்டு லிட்டர் வீதம் ஏழு மாதத்துக்குக் காணும். அந்த இரண்டு வாரமும் நான் முன்னாலேயே லீவு சொல்லிவிடுகிறேன். உடைப்பதும் தோண்டுவதும் கூலிக்கு ஆள் வைத்து. அம்மா நாற்காலியில் இருந்து காக்கை ஓட்டுவாள், ஒடித்துப் பார்த்துக் காய்ந்ததா என்று சொல்லுவாள். அள்ளுவது, சுமப்பது எல்லாம் நான். மற்ற வெட்டுகள் எல்லாம் வியாபாரிக்கு. எண்ணெய் தீர்ந்த பிறகு அந்தப் பணத்திலேயே கடையில் வாங்கிக்கொள்கிறோம். 14 லிட்டரைத் தாண்டி ஆட்டி அடுத்த ஓணம்வரை வைத்திருக்கலாமே என்றாள் அம்மா. எட்டாவது மாதத்தில் அடித்தகரத்து எண்ணெய் காறல் வாடை அடித்ததை அவளே முகர்ந்து பார்த்தாள், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் பகலில் ஆள் இல்லையென்றால், அல்லது மரம் ஐந்துக்குக் கீழே என்றால், நான் யோசிக்கவே மாட்டேன். விற்றுவிடுங்கள், கதம்பையை மட்டும் வாங்கிவையுங்கள். 20 மரத்துக்கு மேல் இருந்து மொட்டைமாடியும் இருந்தால், கொப்பரை காயவைக்க பாலித்தீன் கூரை போட்ட சின்னக் கூடாரம் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. திடீர் மழைக்கு அது ஒன்றுதான் காவல்.

இந்த மாதம் மறுபடி ஓணம். அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டான். போன வாரம் வியாபாரி வந்து எடை போடும்போது அம்மா குவியலிலிருந்து நல்ல முற்றிய காயாகப் பத்தை ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கிப் பார்த்து ஒதுக்கினாள். உருளியைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு இப்போது நடை வந்துவிட்டது, இனித் தேய்க்க அவ்வளவு எண்ணெய் வேண்டாம் என்று சொன்னேன். "கசடு தின்பான்லா" என்றாள்.